ஒரு சிப்பாய் மிகுந்தால் போதுமா?

சதுரங்க ஆட்டம் முற்றி, இரு தரப்பிலும் அரசரும் ஒரு யானையும் சில சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் நிலை அடிக்கடி நேர்வதாகும். யானையைச் சிலர் கோட்டை என்றும் வழங்குவர். இந்நிலையில் ஒரு சிப்பாய் மிகுந்தவர் தமக்கே வெற்றி என மகிழ்கிறார். குறைந்தவர் மனம் தளர்கிறார். இரண்டும் அவசரமே. யானை தொலைவிலிருந்தே செக் சொல்ல வல்லது. ஆதலால், இங்கே ஒரு சிப்பாயைக் காட்டிலும் யானையின் சுதந்திரமே பெரிது.

முதலில் வெல்ல விரும்புவோருக்கு ஒரு சொல். தடையின்றி முன்னேறக்கூடிய சிப்பாய்க்குப் பின்னால் உங்கள் யானையை நிறுத்துங்கள். சிப்பாய் நகர நகர உங்கள் யானைக்கு இடம் பெருகும். முன்னின்று தடுக்கும் எதிரி யானைக்கு இடம் குறுகும். 1927-ஆம் ஆண்டு போனஸ் அயர்ஸ் நகரில், உலகப் பட்டத்துக்கான 34-ஆவது ஆட்டத்தில், அலெகைன் இவ்வாறே செய்தார். ஓரத்துச் சிப்பாயைத் தடுப்பதிலேயே காப்பபிளாங்காவின் யானை கட்டுண்டது. பின்னர் அலெகைனின் அரசர் மறுபக்கத்துச் சிப்பாய்களை நாடிச் சென்றார். ஒரே இடத்தில் நெருக்கினால் எதிரி தாங்குவார். இரண்டு இடங்களில் நெருக்கும்போது தளர்வார். 82 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது, பட்டமும் கைமாறியது.

இனி, காப்போருக்கு. மற்றவையெல்லாம் வெட்டுண்டு, எதிரியிடம் ஒற்றைச் சிப்பாய் எஞ்சுகிறது என்று கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இசைவாணராகவும் சதுரங்க வல்லுநராகவும் விளங்கிய பிரெஞ்சுக்காரர் பிலிடோர் இதற்கு வழி வகுத்தார். உங்கள் அரசர் அச்சிப்பாயின் பாதையை மறித்து நிற்கட்டும். உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் குறுக்கு வரிசையில் யானையை வையுங்கள். எதிரி அரசர் அவ்வரிசைக்குள் நுழைய இயலாது. வேறு வழியின்றி அவர் சிப்பாயை அங்கே தள்ளியதும், உங்கள் யானை பலகையின் மறுகோடிக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் சொல்லத் தொடங்கட்டும். சிப்பாய் முன்னேறிவிட்டதால், எதிரி அரசருக்கு அதன் முன்னே ஒதுங்க இடமில்லை. ஆட்டம் சமனாகும்.

சிப்பாயை முன்னதாகத் தள்ளுவது வெல்பவரின் பிழை. யானையை மூலையில் முடக்குவது காப்பவரின் பிழை. நண்பர் ஒருவருடன் அமர்ந்து, இந்நிலையை இரு தரப்பிலும் மாறி மாறி ஆடிப் பாருங்கள். மிகுந்த சிப்பாயின் மதிப்பும் அதன் எல்லையும் அப்போது தெளிவாகும்.