சறுக்கு மலையும் முதற்படியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் நம்மைப் பனிச்சறுக்கு பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார்கள். மெட்ரிகுலேஷனோடு கல்வி நின்றுவிட்ட நமக்கு இதில் என்ன தகுதி என்று நீங்கள் ஐயுறலாம். சில ஆண்டுகட்கு முன் விடுமுறைப் பாஸில் குடும்பத்தோடு காஷ்மீரம் சென்று, குல்மார்க்கில் பலமுறை விழுந்தெழுந்து வந்தோம். அதுவே நமது தகுதி.

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் ஹிம்சாகர் விரைவு வண்டி வாரம் ஒருமுறை நமது நெய்யாற்றின்கரைப் பாதை வழியாகவே வடக்கே செல்கிறது. அன்று நாம் ஜம்முவில் இறங்கி மலைச்சாலையில் ஸ்ரீநகர் அடைந்தோம். 2025 ஜூன் 6 அன்று கட்ராவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் இரயில் தொடர்பு திறக்கப்பட்டது. செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தைக் கடந்து இனி இரயிலிலேயே செல்லலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

நம் ஆரியங்கோட்டிற்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். தென்னாட்டில் அனைத்தினும் உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளியோ ஏறத்தாழ 2,650 மீட்டரில் உள்ளது. அதாவது, நமது மலைகளின் உச்சி முடியும் இடத்தில்தான் அங்கே முதற்படி தொடங்குகிறது!

அவ்வெளியில் குளிர்காலத்தில் படியும் பனியின்மீது, இரு கால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு சறுக்குகின்றனர். புதியவர்களுக்கு மெல்லிய சரிவுகள் உண்டு. ஓரளவு பயின்றவர்கள் பழநியில் உள்ளதைப் போன்ற ரோப் காரில் ஏறி, 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கொங்டூரிக்குச் செல்வர். இம்முதற்கட்டம் 1998இல் தொடங்கியது. கைதேர்ந்தவர்கள் 2005இல் திறந்த இரண்டாம் கட்டத்தில் ஏறி, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்து அபர்வத் மலைத்தோளை அடைவர். ஒரே மலையில் தளர்நடைப் பிள்ளைக்கும் இடமுண்டு, வீரனுக்கும் இடமுண்டு. உத்தராகண்டத்து ஔலியிலும், மணாலியை அடுத்த சோலங்கிலும், சிம்லாவுக்கு அப்பாலுள்ள நார்க்கண்டாவிலும் இவ்விளையாட்டு நடைபெறுகிறது.

இரயில்வேக்காரர் எதனையும் சரிவுக் கணக்கால் அளப்பர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் வண்டி, பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயரும் பாதையைப் பற்சக்கரத்தின் துணையால் ஏறுகிறது. அது நூற்றுக்கு எட்டு. ஐரோப்பிய நாடுகளில் எளிய சரிவுக்கு நீலக்குறி இடுவர். அது நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டலாகாது. நாற்பது வரை சிவப்பு. அதற்கும் மேல் கறுப்பு. எந்தச் சரிவு எவருக்கு உரியது என்பதை முன்னரே அறிவிப்பதில் இழிவில்லை, உயிர்க்காப்பு உண்டு. தகுதி அறியாமல் மேலே ஏறுவது பேராபத்து. தகுதி உடையவர்க்கும் மலை இரங்குவதில்லை. 2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் மேற்சரிவில் பனிப்பாறை சரிந்து போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர்.

நமக்குப் பயிற்சியளித்த காஷ்மீர இளைஞர் முதலிற் கற்பித்தது ஓடுவதை அன்று, விழுவதை! பக்கவாட்டில் சாய்ந்து விழவும், பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழவும் பழக்கினார். பின்னர் பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகற்றி வேகத்தைத் தணிக்கும் முறையைக் காட்டினார். நாற்பதைக் கடந்த இவ்வுடல் ஒன்பது முறை விழுந்தது. ஒருமுறையேனும் அவர் நகைத்தாரில்லை. பத்தாம் முறை, முப்பது அடி தொலைவு நிலையாகச் சறுக்கினோம். அந்த முப்பது அடியை இன்றும் மறந்தோமில்லை.

இவ்வாறு சிறு சரிவில் தொடங்கியவரே ஆரிஃப் கான். குல்மார்க்கின் பிள்ளையாகிய அவர், 2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்றார். ஒரு போட்டியில் 45ஆம் இடம். மற்றொன்றை முடிக்க இயலவில்லை. ஆயினும் நாடு அவரைப் போற்றியது. பனியே காணாத குடகில் பிறந்த பவானி என்னும் நங்கையும் தேசியக் குளிர்கால விளையாட்டுகளில் கருநாடகத்தின் சார்பில் தங்கம் வென்றார். பிறந்த மண்ணில் பனியில்லை என்பது அவருக்குத் தடையாகவில்லை.

அன்பர்களே! இதனை இம்மேடையில் கூறுவதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டு விழா ஒன்றில் நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன் தமிழ்ப்பாட்டு ஒன்றைப் படிக்க எழுந்தான். அவன் பயில்வது மலையாளப் பள்ளி. ழகரமும் றகரமும் இடறின. இரண்டு வரிகள் மறந்தன. அவையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவருள் நாமும் ஒருவர். அதன்பின் அச்சிறுவன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு வரவில்லை. முதற்சரிவில் நிற்க வேண்டிய பிள்ளையை அபர்வத் உச்சியில் நிறுத்தினோம். விழுந்தவனைக் கண்டு நகைத்தோம். குல்மார்க்கில் ஒன்பது முறை விழுந்தபோதுதான் நமது குற்றம் நமக்கு விளங்கியது.

எழுத்தறியாதவர்க்கு ஒரு வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்க்கு ஒரு வகுப்பு, செய்யுள் பயில்வோர்க்கு ஒரு வகுப்பு எனச் சங்கம் மூன்று சரிவுகளை வகுக்க வேண்டும் என்பது நமது பணிவான வேண்டுகோள். முதல் வகுப்பை நடத்தும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். நாளைக் காலை அச்சிறுவன் வீட்டிற்குச் சென்று அவனை அழைக்கவும் இருக்கிறோம்.

காலமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த தேசியப் போட்டி, போதிய பனியின்மையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பனி இருக்கும்போதே சறுக்கப் பழக வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பாட்டியும் தாத்தாவும் இருக்கும்போதே பிள்ளைகள் தமிழைப் பழக வேண்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!