ஐம்பதைக் கடந்த ஆடவர்க்குச் சில சொற்கள்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். தம் உடலைத் தாம் அறிவதும் கல்வியே என்று கருதியே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து ஒரு சிறு சுரப்பி உண்டு. அதனைப் புரோஸ்டேட் என்பர். வயது ஏற ஏற அது பருக்கும். இரவில் பலமுறை எழ நேரும். நீர் தடைப்பட்டு இறங்கும். இது பெரும்பாலும் சாதாரண வீக்கமே. ஆயின் அதே சுரப்பியில் புற்றும் தோன்றலாம். தொடக்கத்தில் அது பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. எலும்பிற்குப் பரவிய பின்னரே இடுப்பும் முதுகும் வலிக்கும். மூட்டை சுமந்தவரும் ஏர் பிடித்தவரும் நிறைந்த நம் குடும்பங்களில், ‘உழைத்த முதுகு வலிக்கத்தானே செய்யும்’ என்று தைலம் தேய்த்தே மாதங்கள் கழிகின்றன. சிறுநீரில் இரத்தம் கண்டாலும் உடற்சூடு என்று சொல்லி இளநீர் பருகி விட்டுவிடுகிறோம்.

30 வயதைக் கடந்தோர்க்கு அரசு நடத்தும் புற்றுநோய் கண்டறியும் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றே முதன்மையாக இடம்பெறுகின்றன. புரோஸ்டேட்டை நாமே கேட்டால்தான் உண்டு. கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கணக்கும் உடன் சேர்கிறது.

இவ்விடத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலை நம் சிந்தனைக்குரியது. அங்கு அவ்வின ஆடவர் இந்நோயால் மடியும் விகிதம் வெள்ளையரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிறப்பிலேயே வந்த குறை என்று கூறியோர் உண்டு. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தது. நோயின் நிலையும் கிட்டிய மருத்துவமும் சமமாக இருந்தவிடத்து, இந்நோயால் நேரும் இறப்பில் அவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்தது. கறுப்பினத்தாரிடம் நோய் மிகுதியாகத் தோன்றுவதற்கு உடற்கூறும் ஒரு காரணமாகலாம். இறப்பு மிகுவதற்கு மருத்துவம் எட்டாமையே பெருங்காரணம்.

இனிப் பழக்கங்கள். பீடி, சிகரெட்டை விடுவது முதற்கடமை. புகைப்போர்க்கு இந்நோய் வந்தால் அதனால் இறக்கும் வாய்ப்பு மிகுதி. உடற்பருமன் கடுமையான வகைப் புற்றுக்கு இடம் தருகிறது. நம் தந்தையர் வயலில் நடந்தனர். படித்து அலுவலக நாற்காலியில் அமர்ந்த நாம் தொந்தி வளர்த்திருக்கிறோம்! நாள்தோறும் நடப்பது நலம். சத்து மாத்திரை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டா. 35,000 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் வைட்டமின் ஈ உண்டோர்க்கு இப்புற்று 17 விழுக்காடு கூடியதென 2011-இல் அறிவித்தனர்.

பரிசோதனை எளிது: பி.எஸ்.ஏ. எனும் புரதத்தை இரத்தத்தில் அளப்பர். அளவு கூடினாலே புற்று என்று அஞ்ச வேண்டா. சாதாரண வீக்கத்தாலும் நீர்த்தொற்றாலும் கூடும். ஐரோப்பாவில் 1,60,000-க்கும் மேற்பட்டோரை 23 ஆண்டுகள் தொடர்ந்து கண்ட ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 13 விழுக்காடு குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் காக்கப்படும் என்பது அதன் கணக்கு. மறுபுறம், தீங்கு செய்யாது மெல்ல வளரும் புற்றும் கண்டறியப்பட்டு, வேண்டாத அறுவையால் நீர் கசிவும் ஆண்மைக் குறைவும் நேர்ந்ததுண்டு. ஆகவேதான் இலேசான வகையை உடனே அறுக்காமல், அவ்வப்போது சோதித்துக் கண்காணிக்கும் முறையை இன்று மருத்துவர் கையாள்கின்றனர்.

எனவே 50 வயதானோரும், தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்திருப்பின் 45-லேயே, மருத்துவரிடம் நன்மை தீமை இரண்டையும் கேட்டு முடிவு செய்க. எழுபதைத் தாண்டியோர்க்கு, தொல்லை ஏதும் இல்லையெனில், இச்சோதனை பெரும்பாலும் வேண்டியதில்லை. இரத்தமோ நீங்காத எலும்பு வலியோ உள்ளவர் எவ்வயதினராயினும் காத்திருக்கலாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறுநீரகவியல் பிரிவைக் கேட்டுச் செல்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பின் கையோடு எடுத்துச் செல்க. சீட்டு எழுதவும் படிவம் நிரப்பவும் நம் இளைஞர் ஒருவர் துணை போவது நலம்.

ஐயமுடையோர் இப்பொழுதே கேட்கலாம். தாய்மார் முன்னிலையில் கேட்கத் தயங்குவோர் கூட்டம் முடிந்தபின் தனியே வந்து கேட்கலாம்.