பத்திரிகைக்கு எஜமானன் யார்?

(சேரங்கோட்டில் தேயிலைத் தோட்டத் தோழர்கள் நடத்தும் வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கூடலூரிலிருந்து பந்தலூர் வந்து, அங்கிருந்து இங்கு வந்து சேருவதற்குள் மழையும் பனியுமாக நமக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பகலெல்லாம் கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு நேராக இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைப் பார்த்த பிறகு, நம்முடைய கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ள நமக்கே வெட்கமாயிருக்கிறது.

நாம் வந்து இறங்கியவுடன் தோழர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள். இந்த வாசகசாலை இதுவரை உங்களுடைய சந்தாப் பணத்திலேயே நடந்து வருகிறது. இப்போது இவ்வூர்ப் பக்கத்துப் பிரமுகர் ஒருவர், வாடகையும் பத்திரிகைச் செலவும் முழுவதும் தாமே கொடுத்து விடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதற்கு அவர் கேட்பது இரண்டே இரண்டுதானாம். ஒன்று, வாசலில் அவர் பெயர் போட்ட பலகை மாட்ட வேண்டும். இரண்டு, அவரைப் பற்றிக் குறை எழுதுகிற பத்திரிகையை மேஜைமேல் போடக்கூடாது. இதை ஏற்றுக்கொள்ளுவதா வேண்டாமா என்று இன்றிரவு நீங்கள் முடிவு செய்யப் போகிறீர்களாம். சிலர் "நல்லதுதானே, நமக்குச் செலவு மிச்சம்" என்கிறார்கள். சிலர் "கூடாது" என்கிறார்கள்.

இதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. வாசகசாலை உங்களுடையது. ஆனால் மலைக்கு அப்பால் கன்னட நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு பத்திராதிபருடைய கதையை உங்களுக்குச் சொல்லுகிறோம். கேட்டுவிட்டு உங்கள் சொந்த புத்தியைக் கொண்டு முடிவு செய்யுங்கள். கன்னட நாடு உங்களுக்கு ஒன்றும் தூரதேசம் அல்ல. கூடலூர் தாண்டி, முதுமலைக் காட்டையும் பந்திப்பூரையும் கடந்தால் குண்டல்பேட்டை, அதற்கப்பால் மைசூர்.

அவர் பெயர் பி. லங்கேஷ். லங்கேஷ் என்றால் இலங்கைக்கு ஈசன், அதாவது இராவணன். உங்களில் பலருடைய பெற்றோர் 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஆகவே இலங்கேசன் என்ற பெயருக்கு உங்களிடம் வியாக்கியானம் வேண்டியதில்லை. ஊரார் கொளுத்துகிற பெயரைத் தன் பெயராக வைத்துக் கொண்டு வாழ்ந்தவர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அவர் 1935-ஆம் வருஷம் மார்ச் மாதம் 8-ந் தேதி ஷிமோகா ஜில்லா கோணகவள்ளி என்னும் சிறு கிராமத்தில், குடியானவர் வீட்டில் பிறந்தார். ஆங்கிலம் படித்துத் தேறி, கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். சிறுகதை எழுதினார், கவிதை எழுதினார், நாடகம் எழுதினார். கிரேக்க நாட்டு சோபாக்ளிசையும் பிரெஞ்சு நாட்டு பாதலேரையும் கன்னடத்தில் மொழிபெயர்த்தார். பன்னிரண்டாவது நூற்றாண்டில் பசவண்ணர் காலத்தில் ஜாதியை உடைக்க நடந்த கிளர்ச்சியை வைத்து "சங்கராந்தி" என்று ஒரு நாடகம் செய்தார்.

1970-இல் "சம்ஸ்காரா" என்ற கன்னடப் படத்தில் நடித்தார். என்ன வேஷம் என்கிறீர்கள்? ஆசாரத்தையெல்லாம் உதறிவிட்டுத் தன் இஷ்டப்படி வாழ்ந்து, பிளேக் நோயில் செத்துப்போன ஒரு பார்ப்பனன் வேஷம். அந்தப் பிணத்தை யார் சுடுவது என்று சாஸ்திரத்தில் தேடிக்கொண்டு அக்கிரகாரமே பட்டினி கிடக்கிறது. பிணம் நாறுகிறது, சாஸ்திரம் வாய் திறக்கவில்லை! இதுதான் கதை. அந்தப் படத்தைச் சென்னைத் தணிக்கைக்காரர்கள் முதலில் தடை செய்தார்கள். பிறகு தடை நீங்கியது. அதற்கே இந்தியாவின் சிறந்த படம் என்ற பரிசும் கிடைத்தது. லங்கேஷே பின்னால் "பல்லவி" என்ற படத்தை எடுத்து, 1976-ஆம் வருஷத்திய சிறந்த டைரக்டர் என்ற தேசிய விருதும் பெற்றார்.

ஆனால் தோழர்களே! இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் பெரிய எழுத்தாளர், அவ்வளவே. இன்று நாம் இந்த மேடையில் அவரைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே இருந்திராது. அவர் செய்த பெரிய காரியம், 1980-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் "லங்கேஷ் பத்திரிகெ" என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்ததுதான். அதைவிடப் பெரிய காரியம், அந்தப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்கூடப் போடுவதில்லை என்று தீர்மானம் செய்து கொண்டது.

விளம்பரம் வேண்டாம் என்பது சின்ன விஷயமா? நீங்கள் கடையில் வாங்குகிற ஒரு தினசரியின் விலை, அதை அச்சடிக்கிற காகிதத்துக்கும் மைக்கும் கூலிக்குமே போதாது. மீதியைக் கொடுப்பது யார்? சோப்புக்காரன் கொடுக்கிறான், நகைக்கடைக்காரன் கொடுக்கிறான், சர்க்கார் கொடுக்கிறது. கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? சோப்பில் சொறி வருகிறது என்று எழுதினால் சோப்பு விளம்பரம் நின்றுபோகும். சர்க்காரில் ஊழல் என்று எழுதினால் சர்க்கார் விளம்பரம் நின்றுபோகும். 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது, பணியாத பத்திரிகைக்கு சர்க்கார் விளம்பரத்தை நிறுத்தியதையும், எழுதியதைத் தணிக்கைக்காரன் அடித்ததையும் நாடே பார்த்தது.

இதை உங்களுக்குப் புரியும்படி சொல்லுகிறோம். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசைப் பிடிக்கிறவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான்? அதனால்தானே கூடைக் கழிவு என்றும் தண்ணீர்க் கழிவு என்றும் குறைகிறபோது, அது எப்போதும் உங்கள் பக்கமே குறைகிறது? பத்திரிகையும் ஒரு தராசுதான். அதைப் பிடிக்கிற கைக்குக் கூலி கொடுப்பது யாரோ, அவன் பக்கம்தான் அது சாயும். இதில் பத்திராதிபர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது கேள்வி. லங்கேஷ் இதைத் தெரிந்துகொண்டு, "வாசகன் கொடுக்கிற சில்லறையே போதும்" என்று துணிந்தார்.

பலன் என்ன? அந்தப் பத்திரிகை பிறந்த அதே 1980 ஜூலை மாதத்தில், வட கர்நாடகத்தில் நரகுந்து, நவலகுந்து பக்கத்துக் குடியானவர்கள் பாசன வரியை எதிர்த்துக் கிளம்பினார்கள். போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். அப்போது முதல் மந்திரியாக இருந்தவர் குண்டுராவ். அவருடைய ஆட்சியை லங்கேஷ் வாராவாரம் தோலுரித்தார். கிராமத்தில் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற கன்னடத்தில் எழுதினார். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டார்கள். 1983-இல் நடந்த தேர்தலில் அந்த ஆட்சி கவிழ்ந்து, கர்நாடகத்தில் முதன்முதலாகக் காங்கிரஸ் அல்லாத ஆட்சி ஏற்பட்டது. அதற்கு ஒரு பத்திரிகை மாத்திரம் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. அடுத்து வந்த ஆட்சியையாவது விட்டாரா? அதையும் விடவில்லை. விளம்பரம் வாங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொரு பலனும் உண்டு. தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். காசர்கோட்டில் பிறந்த சாரா அபூபக்கர் என்ற முஸ்லிம் மாதின் எழுத்தை லங்கேஷ் ஏற்றுப் பிரசுரித்தார். அவருடைய "சந்திரகிரிய தீரதல்லி" என்ற கதை அந்தப் பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. தகப்பன் பிடிவாதத்தால் தலாக் ஆன ஒரு பெண், மறுபடியும் தன் புருஷனோடு சேரவேண்டுமானால், நடுவில் வேறொருவனுக்கு ஓர் இரவு மனைவியாக வேண்டும் என்கிறார்கள். அவள் பள்ளிவாசல் குளத்தில் விழுந்து சாகிறாள். இந்து மதத்தில் விதவைக்குச் செய்கிற கொடுமையைக் கண்டிக்கிற நாம், எந்த மதத்தில் பெண்ணுக்குக் கொடுமை நடந்தாலும் கண்டிக்கத்தானே வேண்டும்? அதை அந்தச் சமூகத்துப் பெண்ணே எழுதினார். அதற்கு இடம் கொடுக்க ஒரு பத்திரிகை இருந்தது.

ஹாசன் ஊரைச் சேர்ந்த பானு முஷ்டாக் என்ற அம்மையார் அந்தப் பத்திரிகையில் ஏறக்குறைய பத்து வருஷ காலம் நிருபராக வேலை செய்தார். பிறகு வக்கீலானார், கதைகள் எழுதினார். முஸ்லிம் பெண்களும் பள்ளிவாசலுக்குள் சென்று தொழலாம் என்று சொன்னதற்காக 2000-ஆம் வருஷம் அவரைச் சமூகப் பகிஷ்காரம் செய்தார்கள். அவர் பணியவில்லை. அந்த அம்மையாரின் கதைகளை தீபா பாஸ்தி என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2025-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி லண்டனில் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. கன்னடத்துக்கு அந்தப் பரிசு வந்தது அதுவே முதல் தடவை. ஹாசனில் ஒரு பெண் நிருபர் அந்தக் காலத்தில் எழுதி அனுப்பிய சமாசாரத்துக்கு இடம் கொடுத்த பத்திரிகையை நடத்தியது யார்? லட்சாதிபதியா? இல்லை. கையில் சில்லறையோடு கடைக்கு வந்த வாசகன்தான்.

லங்கேஷிடம் குற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவரை இன்னொரு சாமியாராக்கின குற்றம் நம்மைச் சேரும். மந்திரிகளுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்ததில் சில சமயம் விஷயத்தைவிட வசவு மிஞ்சிப் போனதுண்டு. பிரகதிரங்கம் என்று ஒரு கட்சியும் ஆரம்பித்துப் பார்த்தார், அது பலிக்கவில்லை. அவர் எழுதுகோலை நம்பிய ஜனங்கள், அவர் ஓட்டுக் கேட்டபோது நம்பவில்லை. அதுவும் நல்லதுதான். வாசகன் பத்திரிகைக்கு எஜமானனாக இருந்தால், பத்திராதிபருக்கும் "போதும்" என்று சொல்லக்கூடியவனாக இருப்பான்.

1993-இல் அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. 2000-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 25-ந் தேதி அவர் பெங்களூரில் காலமானார். பத்திரிகையின் பொறுப்பு மூத்த மகள் கௌரிக்கு வந்தது. அதுவரை ஆங்கிலத்தில் எழுதி, டெல்லியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். திரும்பி வந்து, கன்னடத்தில் எழுதப் பழகிக்கொண்டு தகப்பனார் வேலையைத் தொடர்ந்தார். 2005-இல் குடும்பத்தில் பிளவு ஏற்பட்டபோது, தம் பெயரிலேயே தனிப் பத்திரிகை ஆரம்பித்தார். அதிலும் விளம்பரம் கிடையாது. மதத்தின் பேரால் நடக்கும் அக்கிரமத்தையும் ஜாதிக் கொடுமையையும் தயவு தாட்சண்யமில்லாமல் கண்டித்தார். வழக்குப் போட்டார்கள், 2016-இல் ஒரு மானநஷ்ட வழக்கில் ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டு, ஜாமீனில் வந்தார். 2017-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி இரவு, வேலை முடிந்து வீடு திரும்பியவரை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 55. போலீசார் 18 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். 2022-இல் விசாரணை தொடங்கியது.

அவரை எந்தப் புரோகிதனும் இல்லாமல், எந்தச் சடங்கும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். அவருக்கு முன்னால் 2013-இல் பூனாவில் தபோல்கரையும், 2015-இல் மகாராஷ்டிரத்தில் பன்சாரேயையும், அதே வருஷம் தார்வாரில் கல்புர்கியையும் இப்படியே சுட்டுக் கொன்றிருந்தார்கள். இவர்கள் கையில் என்ன ஆயுதம் இருந்தது? எழுத்தும் பேச்சும்தானே? பதில் சொல்ல வகையில்லாதவன்தான் துப்பாக்கியை எடுப்பான்.

தோழர்களே! இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவோ அழவைக்கவோ நாம் வரவில்லை. ஒரு கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம். கௌரியின் வாயை அடைக்கத் துப்பாக்கி எதற்காக வேண்டியிருந்தது? விளம்பரத்தைக் கொடுத்தோ நிறுத்தியோ அவர் வாயை அடைக்க முடியாமல் போனதனால்தான். மற்றப் பல பத்திரிகைகளுக்கு அவ்வளவு சிரமம் தேவைப்படுவதில்லை. மாதாந்திரப் பில்லே போதும்.

இப்போது உங்கள் வாசகசாலைக்கு வருவோம். அந்தப் பிரமுகர் நல்லவராகவே இருக்கலாம். பலகையில் அவர் பெயர் இருப்பதுகூடப் பெரிதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று ஒரு பத்திரிகையை எடுக்கச் சொல்லுகிறவர் நாளைக்கு எதை எடுக்கச் சொல்லுவார்? மறுநாள் யாரை உள்ளே விடாதே என்பார்? உங்கள் கூலியையும் வீட்டையும் பற்றிய சமாசாரம் வருகிற தாள் இந்த மேஜைமேல் இருக்குமா, இருக்காதா என்பதை முடிவு செய்கிற உரிமையை, மாதவாடகைக்கு விற்கலாமா? செலவு மிச்சம் என்கிற தோழர்கள் அந்த விலையையும் கூட்டிப் பார்க்கட்டும்.

பணம் போதாது என்றால் நாலு பத்திரிகை வாங்குகிற இடத்தில் இரண்டு வாங்குங்கள். ஆனால் அந்த இரண்டும் நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவருக்கு லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். தாய்மார்களுக்கு நாம் சொல்லுவது இன்னும் ஒன்று. கொழுந்து பறிக்கிற உங்கள் கைக்கு எழுதுகோல் பாரமல்ல. இந்தத் தோட்டத்தில் நடப்பதை உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் யார்? எழுதி அனுப்புங்கள். ஹாசனிலிருந்து ஒரு பெண் எழுதியது லண்டன் வரை போயிற்று என்றால், சேரங்கோட்டிலிருந்து எழுதுவது கூடலூர் வரையிலாவது போகாதா?

இன்றிரவு உங்கள் முடிவு எதுவானாலும், அது உங்கள் முடிவாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.