கையெழுத்து யாருடையது?

(ராபர்ட்சன்பேட்டை கற்போர் வட்டத்தில் பேசியது)

நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ஆம் ஆண்டில். காவிரி ஆற்றில், சிவசமுத்திரத்தில் உற்பத்தி செய்தார்கள். சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905-இல்தான். அவ்வளவு பழைய மின்வேலை நம் ஊரில் உண்டு. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி நாம் வெளியூர் போகிறோம்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். இருபது வருடமாக வயரிங் வேலை செய்கிறார். விடியற்காலை ரயிலில் பெங்களூர் போவார். இரவு திரும்புவார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அவரிடம் வயர்மேன் பர்மிட் இல்லை. அதனால் கூலி குறைவு. வேலை முழுவதும் இவர் செய்வார். லைசென்ஸ் உள்ள ஒருவர் வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அதற்குத் தனிப் பணம்!

பர்மிட் கேட்டுப் போனார். "சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். மேஸ்திரியிடம் கற்ற வேலைக்குச் சான்றிதழ் ஏது? அவர் கோபம் நியாயம்தானே?

சரி, இந்தச் சட்டம் எதற்கு? மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியில் மின்சாரம் கசியலாம். எர்த் கம்பி சரியாக இல்லை என்றால், தொட்டவர் உயிர் போகலாம். அதனால் 1956-ஆம் ஆண்டு விதி இப்படிச் சொன்னது: லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் வேலையை எடுக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வை செய்ய வேண்டும். பர்மிட் உள்ளவர் வேலை செய்ய வேண்டும். 2023-இல் வந்த விதிமுறையும் இதையே சொல்கிறது. பல்பு, ஃபியூஸ், சுவிட்சு போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் இது வேண்டாம்.

சட்டம் நல்லதுதான். பார்க்காமல் போடும் கையெழுத்துதான் கெட்டது. அது யார் உயிரையும் காக்காது. உங்கள் வீட்டில் வயரிங் முடிந்ததா? கையெழுத்துப் போடுபவரை நேரில் வரச் சொல்லுங்கள். எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

பர்மிட் வேண்டுபவர்கள் வாய்ப்பேச்சோடு திரும்ப வேண்டாம். என்ன சான்று வேண்டும், தேர்வு எப்போது என்று எழுதிக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அந்த அண்ணன் இப்போது நம் வகுப்புக்கு வருகிறார். போன வாரம் மனுவைத் தமிழில் எழுதினார். கன்னடம் தெரிந்த தங்கை ஒருத்தி அதைக் கன்னடத்தில் எழுதித் தந்தாள். கீழே அவரே கையெழுத்துப் போட்டார். இருபது வருடம் அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருந்தவர் அவர்.