பிள்ளை யாருக்கு?



விவாகரத்தைப் பற்றி ஓர் இந்து வாலிபர் சங்க மேடையிற் பேசலாமோ என்று சிலர் ஐயுறக்கூடும். பேசாது விடுவதனால் அது நடவாமற் போய்விடாது. கணவனும் மனைவியும் பிரிவது நன்றா, தீதா என்பதன்று எமது விடயம். அவர்கள் பிரிந்தபின் நடுவில் நிற்கும் பிள்ளையைப் பற்றியே நாம் பேச வந்தோம்.

இரு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடிய கதையைப் பலரும் அறிவர். விவிலியத்திற் சாலமோன் மன்னன் வாளைக் கொண்டுவரச் சொன்னான். பௌத்த ஜாதகக் கதையில் மகோசத பண்டிதர் கோடு கீறி, குழந்தையை இருபுறமும் நின்று இழுக்கச் சொன்னார். குழந்தையின் துன்பம் பொறாதவளே தாய் என்று தீர்ப்பாயிற்று. ஆனால், அக்கதைகளில் ஒருத்தி பொய்த்தாய். விவாகரத்திலோ இருவரும் மெய்யான பெற்றோர். ஆதலால் இழுத்துப் பார்த்து அறிய வேண்டியது யாதுமில்லை. இழுக்குந்தோறும் நோவது பிள்ளைக்கே.

இங்கே தீர்க்க வேண்டிய கேள்விகள் மூன்று. பிள்ளை எங்கே வாழ்வது? செலவை யார் தாங்குவது? பெரிய முடிவுகளை யார் எடுப்பது?

முதற் கேள்விக்கு, இந்நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் பண்டு தந்தைக்கே முதலிடம் அளித்தது. பிள்ளையின் நலனே பெரிது என்னும் கருத்து நீதிமன்றங்களில் நாளடைவில் வலுப்பெற்றது. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் உறுதி செய்தது. பிரிந்து வாழும் பிள்ளை தாய், தந்தை இருவருடனும் தொடர்பு கொண்டிருத்தல், தன் நலனுக்கு மாறாகாதவிடத்து, அதன் உரிமை என்கிறது அச்சமவாயம். பிள்ளையின் கருத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. கருத்துக் கேட்பது வேறு, "அம்மாவா, அப்பாவா? ஒருவரைச் சொல்" என்று நெருக்குவது வேறு. பின்னையது கொடுமை.

இரண்டாங் கேள்விக்கு எமது தேசவழமை ஒரு பாடஞ் சொல்லும். 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் அது எழுத்தில் தொகுக்கப்பட்டது. மனைவியை இழந்தவன் மறுமணஞ் செய்ய விரும்பின், சிறு பிள்ளைகளை அம்மம்மாவோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பது வழக்கம். அப்போது தாயின் சீதனம் முழுவதையும் தேடிய தேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளுடன் ஒப்படைத்தல் வேண்டும். அது விவாகரத்தைப் பற்றிய விதியன்று. ஆயினும், பிள்ளை போகுமிடத்துக்குப் பொருளும் போக வேண்டும் என்னும் நியாயம் அதில் உண்டு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டமும் பிள்ளையைத் தாபரிக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர் மீதுமே வைத்தது. பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

மூன்றாங் கேள்வியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கட்டுக்காவல் ஒருவரிடம் இருப்பதால் மற்றவர் பெற்றோர் அல்லாதவராகிவிடார். எந்தப் பாடசாலை, எந்த வைத்தியம், வெளிநாட்டுப் பயணத்துக்கு யார் ஒப்பமிடுவது என்பன முன்கூட்டியே பேசி எழுதப்படல் வேண்டும். எழுதாவிடின், பிள்ளை நோயுற்ற இரவிலும் பழைய வழக்கே மீண்டும் எழும்.

பெரியோர்களே! வழக்கு நீதிமன்றஞ் செல்லுமுன் உங்கள் திண்ணைக்கு வருகிறது. அங்கே முதலிற் கேட்கப்படுவது எத்தனை பவுண் நகை, காணி யாருக்கு என்பதே. பிள்ளையின் பேச்சு ஈற்றில், எல்லோரும் களைத்தபின் வருகிறது. இந்த ஒழுங்கை மாற்றித் தாருங்கள். பிள்ளையின் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதியபின் நகைக் கணக்கைத் தொடங்குங்கள்.

தோழர்களே! நாமும் ஒன்று செய்யலாம். அத்தகைய பிள்ளை எமது சமய வகுப்புக்கு வருமானால், "அப்பா எங்கே?" என்று விசாரியாதிருப்போம். தேவாரம் பாட முன்வரிசையில் இடங் கொடுப்போம். பிள்ளை யாருக்கு என்று கேட்பதை விடுத்து, பிள்ளைக்கு யார் யார் உளர் என்று கேட்கும் சமூகமாவோம்.