வரிப்பணம் திரும்ப வருகிறதென்னும் வலை

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சீவாத மரத்தின் மங்கில் பால் சேருமா? சேராது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுபோலவே, செலுத்தாத வரி திரும்பி வருவதும் இல்லை. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நான் சொல்லவந்ததில் பாதியை அறிந்தவராவீர்கள்.

"உங்களுக்கு வருமான வரிப்பணம் திரும்பக் கிடைக்கவுள்ளது, கீழுள்ள இணைப்பை அழுத்தி வங்கி விவரங்களை நிரப்புங்கள்" என்று மின்னஞ்சல் ஒன்று வருகிறது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் சின்னமும் அதில் காணப்படுகிறது. அழுத்தினால் திறப்பதோ, வங்கியின் பக்கம் போன்றதொரு போலிப் பக்கம். அங்கே நாம் எழுதும் கடவுச்சொல் திருடனின் கைக்குச் செல்கிறது. சேமிப்புக் கணக்கு வெறுமையாகிறது.

"நமக்கேது வருமான வரி?" எனச் சிலர் எண்ணலாம். ஆனால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலருக்கு மாதந்தோறும் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறது. பிடித்த தொகை மிகுதியாயின், வருமானப் படிவத்தை அனுப்பிய பின் அம்மிகுதி திரும்பக் கிடைப்பது உண்மையே. மெய்யான இந்நடைமுறையின் பின்னேதான் மோசக்காரர் ஒளிந்துகொள்கின்றனர்.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது எப்படி?

முதலாவதாக, வாரியம் திருப்பும் பணம், படிவத்தில் நாம் குறித்த வங்கிக் கணக்கிலேயே சேரும். அதற்காகக் கடவுச்சொல்லையோ, கைத்தொலைபேசிக்கு வரும் மறை எண்ணையோ வாரியம் கேட்பதில்லை.

இரண்டாவதாக, வாரியத்தின் இணைய முகவரி 'ஹாசில்' என்பதை அடுத்து 'ஜி.ஓ.வி.', 'எம்.ஒய்.' என முடியும். ஓரெழுத்து மாறினும் ஐயுறுங்கள். அனுப்புநர் பெயரையும் போலியாக எழுத இயலும். ஆதலால் இணைப்பை அழுத்தாது, மைடேக்ஸ் தளத்தை நாமே திறந்து பார்ப்பதே பாதுகாப்பு.

மூன்றாவதாக, "இன்றே செய்யாவிடில் பணம் கிடைக்காது" என்று அவசரப்படுத்தினால், அங்கேயே நிறுத்துங்கள். விவரமறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்னும் எண்ணில் உடனே அழையுங்கள், வங்கிக்கும் அறிவியுங்கள், பின்னர்ப் போலீசில் புகார் செய்யுங்கள். திருடிய பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுக்க, விரைவு ஒன்றே துணை.

வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளே, இன்றிரவே இதனைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள். விடியுமுன் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் மரம் சீவிச் சேர்த்த பணம் அது. ஒரு விரல் அழுத்தலில் அதனை இழக்கலாகாது.