கொல்லிமலையும் நம் மாணவர் வியாசங்களும்

(நம் சங்கத்து மாணவர் வியாசப் போட்டியின் பரிசளிப்பை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து இன்று காலை இம்மலை மீது வந்து சேர்ந்தோம். வழியில் தலைசுற்றலால் வருந்திய இளைஞர் சிலரைக் கண்டு யாம் நகைத்ததுண்டு. எமக்கும் அஃதே நேர்ந்தபின் நகை அடங்கிற்று. நம் பாட்டன்மார் காலத்தில் இந்தப் பாதை இல்லை. உப்பும் துணியும் ஆள் தலையில் ஏற்றி, காட்டுத் தடத்தில் ஏறக்குறைய 4000 அடி உயரம் நடந்தே ஏறினர். இறங்கும்போது சாமையும் தேனும் மிளகும் கொண்டு இறங்கினர். அவர்கள் வேறென்ன கொண்டு இறங்கினர் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இவ்வாண்டு மாணவர்க்கு மூன்று துறைகளில் வியாசம் எழுதுமாறு சங்கத்தார் அறிவித்தனர்: இலக்கியம், சரித்திரம், சமூகம். மூன்றுக்கும் கொல்லிமலையையே பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்றும் குறித்தனர். வந்த வியாசங்களைப் படித்துத் தேரும் பொறுப்பு எமக்கும் வேறு இருவர்க்கும் அளிக்கப்பட்டது. அவற்றைப் படித்ததில் எமக்கு உண்டான மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் மறையாது கூறுவதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

முதலில் இலக்கியம். பெரும்பாலோர் கொல்லிப்பாவையைப்பற்றி எழுதியிருந்தனர். நல்ல பொருள்தான். காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்து தாக்கினும் தன் வடிவம் கெடாது நிற்கும் பாவை என்று நற்றிணையில் பரணர் அதனைப் பாடியிருக்கின்றார். ஆனால் ஒருவர்பின் ஒருவராகப் பலரும், அப்பாவைக்கு எட்டுக் கைகள் உண்டென்று நற்றிணை கூறுவதாக எழுதிவிட்டனர். இன்று இம்மலையில் வழிபடப்பெறும் எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று மக்கள் கொள்ளுகின்றனர். அவ்வழிபாட்டை யாம் குறைகூறவில்லை. பாட்டு, பாவையின் எழிலையும் அழியாமையையும் பேசுகின்றது. கைகளை எண்ணிக் காட்டவில்லை. ஒருவர் எங்கேயோ கண்ட வாக்கியத்தை எழுத, மற்றவர் அவ்வாக்கியத்தையே எழுத, பிழையும் அவர்களுடனே பயணம் செய்தது. மாணவர்களே, நூலைத் திறந்து பாராமல் நூலைப்பற்றி எழுதுவது, ஊருக்குப் போகாமலே ஊர்ச் செய்தி சொல்லுவதை ஒக்கும்.

இதற்கு மாறாக ஒரு மாணவன் எழுதிய சிறு வியாசம் எம்மை மிகவும் மகிழ்வித்தது. அவன் எடுத்துக்கொண்டது புறநானூற்று 152-ஆம் பாட்டு ஒன்றையே. வன்பரணர் தம் சுற்றத்துடன் காட்டில் வருகின்றார். ஒரு வேட்டுவனது அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பின்மேற் சென்று தைக்கின்றது. இவன் ஓரியாக இருப்பானோ என்று ஐயுற்று அவர்கள் பாடுகின்றனர். தன் பெயர் பாட்டில் வரக் கேட்டதும் அவ்வில்லாளி நாணி நிற்கின்றான். பின்பு ஊனும் தேறலும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் கொடுத்து விடுக்கின்றான். அம்மாணவன் வினவிய வினா இது: “வில்லாற்றலைப் புகழ்வோர் பலர், அவன் நாணினானே, அதனை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?” இவ்வொரு வினாவுக்காகவே இலக்கியத் துறையின் முதற்பரிசை அவனுக்கு அளித்தோம்.

இனிச் சரித்திரம். இங்கேதான் சற்றுக் கசப்பான சொற்களைச் சொல்ல வேண்டியிருக்கின்றது, பெரியோர் பொறுத்தருள்க. வந்த சரித்திர வியாசங்களில் பாதிக்குமேல், வல்வில் ஓரி நம் குலத்தவனே என்று நிலைநாட்டுவதற்காக எழுதப்பட்டவை. காட்டிய சான்று யாது? நம் சங்க மலர்களில் அப்படி அச்சிட்டிருக்கின்றது என்பதே. அம்மலர்களுக்குச் சான்று யாது? அவற்றுக்கு முன் வந்த மலர்களே. ஓரியைத் தம் குலத்தவன் என்று கூறும் சமூகத்தார் நாம் மட்டும் அல்லேம். ஆடித் திங்களில் அரசினர் இம்மலையில் ஓரிக்கு விழா எடுக்கும்போது, அவரவர் கொடியுடன் வந்து மாலை சூட்டுவோர் பல சமூகத்தார். எல்லாரும் ஒரே அரசனுக்கு மக்களாயின், இத்தனை சண்டை நமக்குள் ஏன்?

உள்ளபடி ஓரியைப்பற்றி நாம் அறிவது சிறிது. அவன் கொல்லிக்குத் தலைவன். அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை அவனை எழுவர் வள்ளல்களுள் வைத்து எண்ணுகின்றது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்று அகநானூறு கூறும். வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் பாடினர். அவ்விருவரும் அவன் குலத்தைப் பேசவில்லை; அவனும் தன்னை நாடி வந்த பாணர் கூட்டத்தின் குலத்தைக் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

புறநானூற்றை மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் அச்சிட்டது 1894-ஆம் ஆண்டில். அதற்கு முன் ஓரியின் பெயரை அறிந்தோர் ஏடு கற்ற சிலரே. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சாதிகளை மேல் கீழாக வரிசைப்படுத்த அரசினர் முற்பட்டபோது, நாடெங்கும் சமூகத்தார் தம் உயர்வைக் காட்ட விண்ணப்பங்கள் எழுதினர், பழம்பெருமை தேடினர். அப்போது கையில் புதிதாகக் கிடைத்த சங்க நூல்கள் பெரிதும் பயன்பட்டன. நம் முன்னோரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. இழிவு கூறப்பட்டவன் பெருமை தேடுவது இயல்பே. ஆயினும் நூறாண்டு கழிந்தபின், கல்லூரியிற் பயிலும் மாணவன் அவ்விண்ணப்பத்தையே சரித்திரம் என்று எழுதலாமா?

இன்னொன்று. இம்மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினரைப்பற்றிச் சரித்திர வியாசங்களில் ஒரு பத்திகூட இல்லை. மலையாளி என்பது மலையை ஆள்வோர் என்னும் பொருளது. சேரநாட்டு மலையாளிகள் வேறு. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர் வழியினரே கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன்மலை ஆகியவற்றிற் பரவினர் என்றும் அவர்கள் சொல்லும் வழிவழிச் செய்தியை எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிற் குறித்திருக்கின்றார். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என இங்குள்ள பகுதிகள் இன்றும் நாடு என்றே வழங்குகின்றன. ஓரி இறந்து ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. அவனுக்கு உறவு கொண்டாடுகின்றோம். அவன் மலையில் இன்று உழுது வாழ்வோரிடம் ஒரு சொல் கேட்டு எழுத நமக்குத் தோன்றவில்லை.

கடல் கடந்து வந்தவர்க்கு அது தோன்றிற்று. ஜெசி பிராண்டு, ஈவ்லின் என்னும் ஆங்கிலத் தம்பதியர் 1913-ஆம் ஆண்டு முதல் இம்மலையில் தங்கி மருந்து கொடுத்தும் எழுத்துக் கற்பித்தும் வாழ்ந்தனர். 1929-இல் கணவர் மலைக்காய்ச்சலுக்கு இரையானார். மனைவியார் 1974-இல் தாம் இறக்கும்வரை தமிழ்நாட்டு மலைவாழ் மக்களிடையே தொண்டு செய்தார். 1914-இல் அவர்க்குப் பிறந்த மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்துப் புகழ்பெற்றார். அவர்கள் சமயப் பணிக்கென வந்தவர் என்பது உண்மை. நோயுற்றவன் குடிசை வாயிலிற் குனிந்து நுழைந்தனர் என்பதும் உண்மை. இவ்வளவு அண்மைச் சரித்திரமும் நம் மாணவர் ஏட்டில் ஏறவில்லை.

நிற்க. மூன்றாவதாகிய சமூகத் துறைக்கு வருவோம். வரதட்சிணை, மது, கல்வி என்பனவற்றைப்பற்றி வந்த வியாசங்கள் பல, யாவும் நல்லெண்ணம் உடையன, யாரைப்பற்றியும் அல்லாதன. ஒன்றுமட்டும் வேறாக இருந்தது. அதனை எழுதியவர் நம் சமூகத்து மாணவி. அவ்வியாசம் எங்கள் மூவரிடையே பெரும் வழக்கை உண்டாக்கிற்று.

அம்மாணவி தம் பாட்டியாரது இரும்புப் பெட்டியில் ஒரு பழைய கணக்கேட்டைக் கண்டார். அதில் இம்மலைக் குடும்பங்களின் பெயர்களும் கைநாட்டுக்களும் இருந்தன. விதைக்கும் மருந்துக்கும் திருமணத்துக்கும் கொடுத்த சிறு தொகைகள் ஒருபுறம். அறுவடையில் வரவான மூட்டைகள் மறுபுறம். எத்தனை மூட்டை வந்தும் முதல் குறையவே இல்லை. இறுதியில் ஒரு குடும்பத்தின் பெயருக்கெதிரே, பலாமரங்கள் நின்ற கொல்லை ஒன்று அவர் குடும்பத்தார் அனுபவத்துக்கு வந்த செய்தி ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது.

அவர் அதனோடு நில்லாமல் இம்மலைக்கு வந்து, காரணம் யாது என்று உசாவினார். முன்னாளில் இங்குள்ளோர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றை விளைத்தனர். சாமை குதிரில் ஆண்டுக்கணக்கில் கெடாது கிடக்கும். விலை இல்லையேல் உண்ணலாம். பின்னர்ச் சேலம், நாமக்கல் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி இம்மலையிற் பரவிற்று. மரவள்ளியை அகழ்ந்த இரண்டு மூன்று நாளில் விற்றாக வேண்டும், இன்றேல் கெடும். ஆகவே விலை சொல்லுபவன் வாங்குபவனே. கையிற் காசு வந்தது. குதிரில் தானியம் ஒழிந்தது. மழை பொய்த்த ஆண்டில் கடன் புகுந்தது. சாமையைக் குத்திப் புடைக்கும் பாடு முழுதும் பெண்கள் தலைமேல் இருந்ததும் அப்பயிர் குறைந்ததற்கு ஒரு காரணம் என்று அவர் எழுதியது நுட்பமானது. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே சிறுதானிய வித்துக்களைக் காக்கவும், உமி நீக்கும் பொறிகளை ஊர்களில் வைக்கவும் செய்த முயற்சிகளையும் குறித்திருந்தார். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டென்று கொண்டாடியதையும், நகரத்தார் சாமையைப் பொட்டலத்தில் வாங்கும் காலத்தில் சாமை விளைத்தவர் பங்கீட்டரிசிக்கு நிற்பதையும் அருகருகே எழுதியிருந்தார்.

முடிவில், அக்கொல்லைக்கு உரியவராயிருந்த குடும்பத்து மூதாட்டியார் ஒருவரைக் கண்டார். அம்மூதாட்டியார் இவர் யாருடைய பேர்த்தி என்று அறிந்தபின்னும் களியும் கீரையும் இட்டார். குறை ஒன்றும் கூறவில்லை. “அந்தப் பலா எங்க மாமியார் வெச்ச மரம், கண்ணு. பழுத்தா வாசம் இங்கவரைக்கும் வரும்” என்றுமட்டும் சொன்னாராம். வியாசம் அங்கே முடிகின்றது.

இதற்குப் பரிசு கொடுக்கலாகாது என்றார் எம்முடன் இருந்த பெரியவர் ஒருவர். அவர் கூறிய காரணங்கள் மூன்று. குடும்ப மானம் போகும். நடந்தது பாட்டன் காலத்துக் காரியம். பிற சமூகத்தார் இதனை எடுத்து நம்மைத் தூற்றுவர். அவர் கூற்றில் அன்பு உண்டு. ஆதலின் ஒவ்வொன்றாக விடை கூறுவோம்.

மானம் என்பது கணக்கேட்டை மறைப்பதால் நிற்பதன்று. கணக்கைப் பார்த்து நேர்செய்வதே வணிகன் மானம் என்றுதான் நம் பாட்டன்மாரும் நமக்குக் கற்பித்தனர். பாட்டன் காலத்தது என்பீராயின், அக்கொல்லையின் வருமானம் இன்றும் வருகின்றதே; ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஓரியின் புகழுக்கு வாரிசாகும் நாம், பாட்டன் எழுதிய கடனேட்டுக்குமட்டும் வாரிசு அல்லோமோ? பிறர் தூற்றுவர் என்பீராயின், தூற்றட்டும். தம் ஏடுகளையும் அவர்கள் ஒருநாள் திறந்து பார்க்க நேரும்.

மாணவியின் தந்தையார் இக்கூட்டத்தில் இருக்கின்றார். முதலில் சினந்தவர்தாம், பின்னர் எம்மிடம் வந்து, “மகள் எழுதியது பொய்யாயின் கிழித்துவிடுங்கள், மெய்யாயின் அச்சிடுங்கள்” என்றார். கொல்லையைப்பற்றி இரு குடும்பத்தாரும் பேசத் தொடங்கியிருக்கின்றனர். அது அவர்கள் காரியம்; மேடையிற் பேசத் தக்கதன்று. எம்மைப்பற்றி ஒன்று சொல்லலாம். எம் வீட்டுப் பரணிலும் அத்தகைய ஏடு ஒன்று உண்டு. இவ்வியாசத்தைப் படித்த பின்னரே அதனை இறக்கித் தூசி தட்டினோம். இன்னும் முழுதும் படித்து முடித்திலோம்.

ஆதலின் சமூகத் துறையின் முதற்பரிசு இவ்வியாசத்துக்கே உரியதென்று மூவரில் இருவர் தீர்மானித்தோம். பெயர்களை நீக்கி இதனை நம் மாதப் பத்திரிகையில் வெளியிடுமாறு நிர்வாக சபையாரை வேண்டுகின்றோம்.

மாணவர்களே! வரும் ஆண்டு எழுதப்போகின்ற உங்களுக்குச் சொல்ல வேண்டியவை மூன்றே. பாட்டைப்பற்றி எழுதுமுன் பாட்டைப் படியுங்கள். பெருமையை எழுதுமுன் அதற்குச் சான்று யாதென்று வினவுங்கள். சான்று நம் சங்க மலரேயாயினும் வினவுங்கள். ஒரு மக்களைப்பற்றி எழுதுமுன் அம்மக்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நாழிகையேனும் அமருங்கள்.

பெரியோர்களே! நம் பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும்போது கைதட்டுகின்றோம். நாம் சொல்லாததை அவர்கள் கண்டுவந்து சொல்லும்போதும் சற்றே பொறுமையுடன் கேட்போமாக. ஓரிக்கு மாலை சூட்ட இனி ஆடியில் இங்கு வரும்போது, தன் பெயரைக் கேட்டு நாணியவன் அவன் என்பதை நினைவில் வைத்து, நம் கோஷத்தைச் சிறிது தாழ்த்துவோமாக.